சூத்திரம் புரிகிறது, பொருள் புரியவில்லை

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புள்ளியியல் பேராசிரியர் கரும்பலகை முழுக்கச் சூத்திரங்களை எழுதிவிட்டு வேகமாகப் போய்விடுகிறார். கேள்வி கேட்கவே பயமாக இருக்கிறது. துறையை மாற்றிக்கொள்ளலாமா?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: வேண்டாம் மகளே. புள்ளியியல் இல்லாமல் இன்றைய பொருளாதாரம் இல்லை. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ்தான் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் வழி வகுத்தார்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன், அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பாருங்கள். ஐந்து வீடுகளின் மாத வருமானம் 10, 10, 12, 13, 105 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30 ஆயிரம். இடைநிலை அளவு 12 ஆயிரம். அந்தத் தெருவின் நிலையை எது சரியாகச் சொல்கிறது? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பாடம் பாதி புரிந்த மாதிரி.

எந்தக் கணக்குக்கும் முதலில் படம் வரையுங்கள். 1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கம் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். சராசரி, ஒட்டுறவுக் கெழு எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம்!

வகுப்பில் கேட்கத் தயங்கினால், நீங்கள் போட்ட கணக்கோடு பேராசிரியரைத் துறை அறையில் பாருங்கள். "ஒன்றுமே புரியவில்லை" என்று சொல்லாமல், "இந்த வரியில் ஏன் n–1ஆல் வகுக்கிறோம்?" என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குப் பதில் சொல்வது எந்த ஆசிரியருக்கும் எளிது. இந்த வாரமே போய்க் கேளுங்கள்.