ரிச்சி தெருவும் ஒரு லேப் தான்!



போன செமஸ்டரில் மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டே நாள் இருக்கும்போது எங்க டீம் ரோபோவின் மோட்டார் டிரைவர் புகைஞ்சு போச்சு. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வந்து சேர நாலு நாள். வேற வழியில்லாமல் ரோபோவைப் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

கடைக்கார அண்ணன் கருகின போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசு தர்றேன் தம்பி. ஆனா நாளைக்கு இதுவும் போயிடும். சக்கரத்தைக் கையால பிடிச்சு நிறுத்தினா மோட்டார் எவ்ளோ ஆம்ப் இழுக்குதுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. கடை மேஜையிலேயே மல்டிமீட்டரை வைத்து அளந்து காட்டினார். சும்மா சுற்றும்போது அரை ஆம்ப் கூட இல்லை. பிடித்து நிறுத்தியதும் மூன்றரை ஆம்ப்! எங்களிடம் இருந்தது எல்298 சிப். ஒரு சேனலுக்கு 2 ஆம்ப் தான் அதன் எல்லை. மோட்டார் சுற்றும்போது உருவாகும் எதிர் மின்னழுத்தம் கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. நின்றுவிட்டால் அது இல்லை. காயிலின் மின்தடை மட்டும் தான் மிச்சம். இதை நான் ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்து, சரியாக எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் புரிந்தது அன்றைக்குத் தான்.

அதற்குப் பிறகு தான் சென்னையின் சந்தைகளைச் சுற்ற ஆரம்பித்தேன். பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏன் எல்லாக் கடையும் ஒரே தெருவில்?

போட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே கடை போடுவது முட்டாள்தனம் மாதிரி தோணும். ஆனால் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு ஒரு ரிலே வேணும். நூறு கடை இருக்கும் தெருவுக்குப் போவீங்களா, ஒத்தக் கடைக்குப் போவீங்களா? கூட்டம் வருவதே கடைகள் சேர்ந்து இருப்பதால் தான். ஒரு கடையில் இல்லாததை அண்ணன் பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பி வாங்கித் தருவார். பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரே தொழில் ஒரே இடத்தில் கூடும்போது திறமையான ஆட்கள், துணைத் தொழில்கள், தொழில் அறிவு மூன்றும் அங்கே சேர்ந்து வளரும். எனக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது.

ரிச்சி தெரு இருக்கும் சிந்தாதிரிப்பேட்டையே இதற்கு நல்ல உதாரணம். 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்த கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய பேட்டை அது. 'சின்னத் தறிப் பேட்டை' தான் இப்படி மருவியது என்பார்கள். பாரிமுனைப் பக்கம் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். துணிக்கு கோடவுன் தெரு, பேப்பருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, கெமிக்கலுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு.

டிபார்ட்மென்ட் வாரியாக

இ.சி.இ., ட்ரிபிள் இ ஆட்களுக்கு ரிச்சி தெரு. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ஆட்கள் புதுப்பேட்டைக்குப் போங்க. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம். புத்தகத்தில் படமாகப் பார்த்த கியர்பாக்ஸ், கிராங்க் ஷாஃப்ட் எல்லாத்தையும் தேய்ந்த பல்லோடு கையில் தூக்கிப் பார்க்கலாம். எது முதலில் தேயும் என்று எந்த டிராயிங்கும் சொல்லாது, அந்த இரும்புக் குவியல் சொல்லும்.

எல்லோருக்கும் பொதுவானது, பீச் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக, லட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அப்படித் திரும்பி வந்த தமிழர்கள் 1969-ல் போட்ட கடைகள் தான் இது. சாயங்காலம் போனால் அத்தோ சாப்பிடாமல் வராதீங்க. அந்த நூடுல்ஸும் அவர்களோடு கப்பலேறி வந்தது தான்.

போகும் முன் ஐந்து விஷயம்

1. கெட்டுப்போன பொருளைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.
2. முதல் கடையிலேயே வாங்காதீங்க. தெருவை ஒரு சுற்று சுற்றி விலை கேளுங்க.
3. காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே செக் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. வெளியே வந்த பிறகு கேட்டால் பதில் வராது. பில் கேட்டு வாங்குங்க.
4. பர்மா பஜாரில் பேரம் பேசலாம். அஞ்சு ரூபாய் ரெசிஸ்டருக்குப் பேரம் பேசி மானத்தை வாங்காதீங்க.
5. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஒரு சந்தை போனால்?

சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறும் இடத்தை மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்கிறோம். மார்க்கெட் எங்கே என்று என்றைக்காவது யோசிச்சிருக்கீங்களா? பிராட்வே பக்கம் தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்காக 1898-ல் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் அங்கே தான் இருந்தது. பழைய புத்தகத்திலிருந்து கிராமபோன் தட்டு வரை கிடைத்த இடம். 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்தது. வியாபாரிகளில் பலர் பக்கத்தில் இருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ஆனால் சந்தை பழைய மாதிரி ஆகவில்லை. கடைகளை இடம் மாற்றிவிடலாம், தேடி வந்த கூட்டத்தை அப்படி மாற்ற முடியாது.

தீப்பிடித்துத் தான் ஒரு சந்தை அழியணும் என்றில்லை. நாம் போகாமல் இருந்தாலே போதும். நானும் ஆன்லைனில் வாங்குபவன் தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஆன்லைனில் வாங்கியிருந்தால் அதே எல்298 தான் திரும்ப வந்திருக்கும், ரிவ்யூவில் திரும்பப் புகைந்திருக்கும். "நிறுத்திப் பார்த்தீங்களா?" என்று எந்த ஆப்பும் கேட்டிருக்காது.

அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயா இருந்தா அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்குங்க. பையில் ஒரு கெட்டுப்போன போர்டு இருக்கட்டும்.