மொபெட்டில் ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி அறுவது ஏன்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பால் கேன், கடலை மூட்டை, உரம், தீவனம் ஆகியவற்றைச் சுமந்து செல்வதில் மொபெட்டின் பங்கு பெரிது. 1980-இல் ஓசூரில் தயாராகி வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியின் வழியில் வந்த எக்ஸ்.எல். வகைகள் இன்றும் உழவர்களிடையே புழக்கத்தில் உள்ளன. ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டால் எஞ்சின் ஓடினாலும் வண்டி நகராது. காலைப் பால் நேரத்தில் சங்கத்துக்குப் போய்ச் சேராது.

புதுக் கேபிள் மாட்டியும் சில வாரங்களில் மீண்டும் அறுந்தால், குறை பெரும்பாலும் கேபிளில் இல்லை. அது செல்லும் வழியில்தான் இருக்கும். எனவே அறுந்த கேபிளைத் தூக்கி எறியாதீர்கள். அறுந்த இடமே காரணத்தைக் காட்டிவிடும்.

கேபிளின் அமைப்பு

மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கி உள்கம்பி செய்யப்படுகிறது. அதன் முனைகளில் நிப்பிள் எனப்படும் குமிழ்கள் உள்ளன. கம்பி, வெளி உறைக்குள் வழுக்கிச் செல்கிறது. ஓர் இடத்தில் கம்பி திரும்பத் திரும்ப வளைந்தால் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். கடைசி இழை ஒடியும் அன்றுதான் நமக்குத் தெரியவரும்.

அறுந்த இடமும் காரணமும்

1. கைப்பிடி அருகில்: ஆக்சிலேட்டரைத் திருகும்போது நிப்பிள் தன் குழியில் தானும் திரும்ப வேண்டும். தூசியும் துருவும் சேர்ந்து அது இறுகிவிட்டால், கம்பி அதன் கழுத்தில் வளைந்து ஒடியும். குழியைத் துடைத்து, பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து, சிறிது கிரீஸ் தடவவும்.

2. நடுவில்: கேபிள் கூர்மையாக வளைந்திருக்கலாம், ஹேண்டில் திரும்பும்போது இழுபடலாம், ஹேண்டிலில் மாட்டிய பையும் கேனும் அதை நசுக்கலாம். உறை வெடித்தால் நீர் புகுந்து துருப்பிடிக்கும். மரக்காணம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளில் துரு விரைவில் ஏறும்.

3. கார்புரேட்டர் அருகில்: உறையின் முனை சரியாக உட்காராமல் சாய்ந்திருந்தால் கம்பி விளிம்பில் உராயும். உள்ளே மேலும் கீழும் செல்லும் சிலைடு அழுக்கினால் இறுகியிருந்தாலும், பொருந்தாத கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தாலும் கம்பிக்கு இழுவை கூடும்.

புதுக் கேபிள் மாட்டும் முறை

உங்கள் வண்டி வகைக்கு உரிய கேபிளையே வாங்குங்கள். நீளம் குறைந்தால் இழுபடும், கூடினால் மடங்கும். பழைய கேபிள் சென்ற வழி சரியாக இருந்தால் அவ்வழியே விடுங்கள். கட்டும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். கைப்பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாதவாறு பார்த்துக்கொண்டு எஞ்சினை மெதுவாக ஓட விடுங்கள். ஹேண்டிலை இடமும் வலமும் முழுவதும் திருப்புங்கள். அப்போது எஞ்சினின் வேகம் கூடினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். வழியை மாற்ற வேண்டும். கைப்பிடியை விட்டவுடன் அது தானே திரும்பி வரவும் வேண்டும். 2020 முதல் வந்த, பெட்ரோலை உட்செலுத்தும் வகை வண்டிகளில் கேபிளின் கீழ்முனையை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

எச்சரிக்கை

அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள். முடிச்சோ, பிரிந்த இழையோ உறையில் சிக்கினால் கைப்பிடியை விட்டாலும் வேகம் குறையாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் உடனே எஞ்சினை அணைத்து, இரு பிரேக்கையும் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை இரு முனைகளையும் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதக் கூம்பு கட்டி, மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு, கீழே வடியும் வரை வையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழல் உள்ள கேபிளுக்கு எண்ணெய் தேவையில்லை.

பவர் டில்லர், களையெடுக்கும் கருவி ஆகியவற்றின் கேபிளுக்கும் இதே சோதனை பொருந்தும். அறுவடைக்கு முன்பே பார்த்து வைத்தால் வேலை நடுவில் நிற்காது.