குப்பை மடல்களும் அவற்றைத் தடுப்போரும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

தபால்காரரின் மணியோசைக்காக வாசலில் காத்திருந்த காலத்தைப் பற்றி நம் பாட்டிமார் கதைகதையாகச் சொல்வர். அன்று கடிதம் எழுதுபவர் ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால்தலை வாங்கியாக வேண்டும். மின்னஞ்சலிலோ ஒரு மடல் அனுப்பினாலும், கோடி மடல் அனுப்பினாலும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. குப்பை மடல் என்னும் தொல்லைக்கு இதுவே வேர் எனலாம். கேளாதவர்க்கு மொத்தமாக அனுப்பப்படும் இம்மடல்களை ‘ஸ்பேம்’ என்பர். அவற்றை அனுப்புவோர் யார், தடுப்போர் யார், நாம் செய்ய வேண்டுவது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு என் அக்காள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டுப் பல மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு நாள் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாக அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. அதில் முத்திரையும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. பதிவுக் கட்டணம் 12,000 ரூபாயை மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மா தம் வளையல்களை அடகு வைத்தார். அப்பா பணத்தை அனுப்பினார். அதன் பிறகு அந்த முகவரியிலிருந்து ஒரு பதிலும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அக்காள் தற்செயலாக ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்று நேர்முகத் தேர்வுக்கு அழைத்த உண்மையான கடிதம் அங்கே கிடந்தது. தேர்வு நாள் கடந்து இரண்டு நாளாகியிருந்தது. பொய்க் கடிதம் கூடத்தில் வந்து உட்கார, மெய்க் கடிதம் குப்பைக் கூடையில் கிடந்தது. இது எப்படி நேர்ந்தது என்று அறியும் ஆவலே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

முதல் குப்பை மடல்

1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணிப்பொறி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் வழியாக அது சென்றது. பலர் சினந்தனர். இனி இவ்வாறு செய்யலாகாது என்று அவர் எச்சரிக்கப்பட்டார். ஆயினும், அந்த மடலால் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்பனை நடந்ததாக அவர் பின்னாளில் கூறினார். வசையும் வந்தது, வருவாயும் வந்தது! இன்றுவரை இத்தொழில் அழியாமைக்குக் காரணம் இதுவே அன்றோ?

‘ஸ்பேம்’ என்பது 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சியின் பெயராகும். 1970-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் மான்ட்டி பைத்தான் குழுவினர் ஒரு நகைச்சுவைக் காட்சியை நடித்தனர். அதில் வரும் உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் ஸ்பேம் கலந்தே இருக்கும். அச்சொல்லையே சிலர் உரக்கப் பாடிப் பாடி, மற்றவர் பேச்சு கேளாதபடி செய்வர். வேண்டாத மடல்கள் வேண்டிய மடல்களை மூழ்கடிப்பதும் அவ்வாறே என்பதால் அப்பெயர் நிலைத்தது.

அனுப்புவோரின் கணக்கு

‘இவற்றை யார் நம்புவார்?’ என்று நாம் எண்ணலாம். 2008-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இக்கேள்விக்கு விடை கண்டனர். மருந்து விளம்பர மடல்கள் ஏறத்தாழ 35 கோடி சென்றதை அவர்கள் 26 நாட்கள் கண்காணித்தனர். வாங்க முன்வந்தவர் வெறும் 28 பேர்! வகுத்துப் பார்த்தால் ஒன்றேகால் கோடி மடலுக்கு ஒருவர் என்று வருகிறது. அனுப்பும் செலவு மிகமிகக் குறைவு என்பதால் அந்த ஒருவரே அவர்களுக்குப் போதும்.

இவர்கள் பெரும்பாலும் தம் சொந்தக் கணிப்பொறியிலிருந்து அனுப்புவதில்லை. நச்சு நிரலைப் பரப்பி, உலகெங்கும் உள்ள அப்பாவி மக்களின் கணிப்பொறிகளை அவர்கள் அறியாமலே அடிமைப்படுத்தி, அவற்றின் வழியே அனுப்புகின்றனர். 2008 நவம்பர் 11 அன்று, இத்தகைய கூட்டங்களுக்கு இடமளித்து வந்த மெக்கோலோ என்னும் கலிபோர்னிய நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. அன்றே உலகின் குப்பை மடல்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆனால் சில மாதங்களில் மீண்டும் பெருகிவிட்டன.

காவலர்கள்

1997-இல் பால் விக்ஸி என்னும் பொறியாளரும் அவர் தோழர்களும், குப்பை மடல் அனுப்பும் கணிப்பொறிகளின் பட்டியலொன்றை உருவாக்கினர். அப்பட்டியலில் உள்ளவற்றிலிருந்து வரும் மடலைப் பிறர் ஏற்க மறுக்கலாம். 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ‘ஸ்பேம்ஹாஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். இப்பணி எளிதன்று. விளம்பர நிறுவனம் ஒன்று அவ்வமைப்பின் மீது வழக்குத் தொடுக்க, 2006-இல் அமெரிக்க நீதிமன்றம் 1 கோடியே 17 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2011-இல் அத்தொகை வெறும் 3 டாலராகக் குறைந்தது! 2013 மார்ச்சில் பகைவர் அதன் இணையதளத்தின் மீது மாபெரும் தாக்குதல் நடத்தினர். எனினும் அது இன்றும் பணியாற்றி வருகிறது.

நிகழ்தகவு செய்யும் உதவி

நாம் பத்தாம் வகுப்பில் கற்கும் நிகழ்தகவுப் பாடம் இங்கே பயன்படுகிறது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் தேற்றம், அவர் இறந்த பின் 1763-இல் வெளியாயிற்று. 1998-இல் ஆராய்ச்சியாளர் சிலர் அதனைக் குப்பை மடலைப் பிரிக்கப் பயன்படுத்தினர். 2002-இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை அம்முறையை உலகறியச் செய்தது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 100 குப்பை மடல்களில் 40-இலும், 100 நல்ல மடல்களில் 2-இலும் ‘பரிசு’ என்ற சொல் வருவதாகக் கொள்வோம். அப்படியானால் அச்சொல் உள்ள மடல்கள் மொத்தம் 42. அவற்றுள் 40 குப்பை. எனவே அச்சொல்லைக் கொண்ட ஒரு மடல் குப்பையாக இருக்கும் நிகழ்தகவு 40/42, அதாவது சுமார் 95 விழுக்காடு. இவ்வாறே பல சொற்களின் மதிப்பைச் சேர்த்துக் கணிப்பொறி முடிவு செய்கிறது.

ஆனால் 95 என்பது 100 அன்று. மீதமுள்ள 5-இல்தான் என் அக்காளின் கடிதம் போன்றவை அகப்பட்டுக் கொள்கின்றன. களை பறிப்பவள் அவசரப்பட்டால் நெற்பயிரும் சேர்ந்து வந்துவிடும் அல்லவா? கிரஹாமும் இதை உணர்ந்திருந்தார். நல்ல மடல்களில் ஒரு சொல் வரும் எண்ணிக்கையை அவர் இருமடங்காகக் கணக்கிட்டார். நூறு களை தப்பினாலும் ஒரு நெற்பயிர் அழியக் கூடாது என்பதே அவர் நோக்கம். மறுபுறம், ஏமாற்றுவோர் நல்ல சொற்களாலேயே மடல் எழுதக் கற்றுக் கொண்டனர். ‘பரிசு’ என்று எழுதாமல் ‘பணி நியமன ஆணை’ என்று எழுதினால் வடிகட்டி என்ன செய்யும்?

நாம் செய்ய வேண்டுவன

1. வேலை தருகிறவர் நம்மிடம் முன்பணம் கேட்டால் ஐயுற வேண்டும்.
2. கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், அந்நிறுவனத்தின் எண்ணை நாமே தேடி அழைத்து விசாரிக்க வேண்டும்.
3. ‘உடனே அனுப்பு’ என்று அவசரப்படுத்தும் மடலைப் பெரியவர் ஒருவரிடம் காட்டாமல் எதுவும் செய்யலாகாது.
4. வாரம் இருமுறையாவது ஸ்பேம் பெட்டியைப் பார்த்து, நல்ல மடலை மீட்க வேண்டும். நாம் மீட்பதைக் கண்டு வடிகட்டியும் கற்றுக் கொள்கிறது.
5. பணத்தை இழந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

முடிவுரை

ஐந்தாவது குறிப்பை நான் வருத்தத்துடன் எழுதுகிறேன். ‘ஊரார் சிரிப்பார்கள்’ என்று எங்கள் வீட்டில் யாரும் புகார் செய்யவில்லை. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய் மூடுவதே ஏமாற்றுவோரின் பெரும் பலம் என்பதை இப்போது உணர்கிறேன். ஆதலால்தான், அக்காளின் அனுமதியுடன் இதனை இங்கே எழுதினேன். அவள் இப்போது வேறொரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவின் வளையல்களை மீட்டுத் தந்தாள்.

பட்டியல் தயாரிப்போரும் கணக்கறிந்தோரும் வாசலில் காவல் நிற்கின்றனர். ஆயினும் கதவின் தாழ்ப்பாள் நம் கையில்தான் உள்ளது. தோழியரே, கற்ற கல்வியைக் கொண்டு விழிப்புடன் இருப்போம், நம் வீட்டாரையும் காப்போமாக!