மனு எந்த மேசையில் இருக்கிறது?

மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருமுனையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மனு எழுதிக்கொண்டு வருகிறார். மழைநீர் வடிகால் என்றால் அது மாநகராட்சி. பாதாளச் சாக்கடை பொங்கியது என்றால் குடிநீர் வாரியம். ரயில் பாதையை ஒட்டிய நிலம் என்றால் ரயில்வே. இன்னொருவருக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதை மாம்பலம் வட்டாட்சியர்தான் தருவார். அங்கே காட்டவேண்டிய இறப்புச் சான்றிதழோ மாநகராட்சியில். மனு வாங்குகிற இளநிலை உதவியாளர் இதைச் சரியாகச் சொன்னால் வந்தவருக்கு ஒரு நாள் மிச்சம். தப்பாகச் சொன்னால் மூன்று அலுவலகப் படி ஏறி இறங்குவார், அதுவும் அறுபது வயதுக்கு மேல்.

இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் தேர்வுப் புத்தகத்தோடு சேர்த்து இதையும் படிக்கவேண்டும். மேற்கு மாம்பலம் சென்னை மாநகராட்சியின் 10ஆவது மண்டலமான கோடம்பாக்கத்தில் வருகிறது. 2011-இல் மாநகராட்சி எல்லை விரிந்து, 155 வார்டு 200 ஆனபோது, பழைய எண்களை மனதில் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் குழம்பினார்கள். உங்கள் பகுதியில் எந்தக் காரியம் எங்கே நடக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை கிடைத்த முதல் வாரமே அது கைகொடுக்கும்.

அரசு அலுவலக எழுத்தர் வேலைக்குப் பெரிய வாசல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. தகுதி பத்தாம் வகுப்பு. ஆனால் 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். மொத்தம் 300 மதிப்பெண், அதில் பாதி தமிழுக்கு. தமிழில் 60 வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தட்டச்சர் பதவி வேண்டுமென்றால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசு தட்டச்சுத் தேர்வில் தேறியிருக்கவேண்டும். அந்தத் தட்டச்சுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். ஒப்பந்த முறையில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்பவர்களும் உண்டு. சேருமுன் வேலை ஆணையையும் பி.எஃப். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு உங்கள் கையில் இருக்கப்போவது தன்பதிவேடு. பிரிட்டிஷ் காலத்து டாட்டன்ஹாம் முறையில் பிறந்த பதிவேடு இது. தபால் வந்ததும் தேதி முத்திரை. பகிர்மானப் பதிவேட்டில் ஒரு எண். பிறகு அது உங்கள் பெயருக்கு வந்து தன்பதிவேட்டில் ஏறும்: யாரிடமிருந்து வந்தது, என்ன பொருள், என்றைக்கு யாருக்கு அனுப்பினோம், பதில் வந்ததா, நினைவூட்டு போனதா. கோப்பு முடிந்ததும் ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகை பிரித்து ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று குறித்துப் பதிவறைக்கு அனுப்புவார்கள். இன்று கணினியில் மின் அலுவலகம் வந்துவிட்டது. கோப்பின் நடை மாறவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்ட நேரத்தில் வாங்கிய ஒரு மனுவைப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு கோப்புக்குள் செருகிவிட்டேன். ஒரு பெரியவர் கொடுத்தது. நான்கு முறை வந்தார். நான்கு முறையும் 'பார்த்துச் சொல்கிறேன் ஐயா' என்றேன். ஐந்தாம் முறை அவர் மகள் வந்தார், அப்பாவால் நடக்க முடியவில்லை என்று. அன்று சாயங்காலம் மேசையையே கவிழ்த்துத் தேடி எடுத்தேன். இரண்டு வரி எழுதியிருந்தால் அவருக்கு அந்த நான்கு நடை இல்லை. அதற்குப் பிறகு, பதிவேட்டில் எண் போடாத காகிதத்தை என் மேசையில் ஒரு இரவுகூட இருக்க விட்டதில்லை.

அடுத்தது எழுத்து. குறிப்பில் நான்கு செய்தி போதும்: மனுதாரர் என்ன கேட்கிறார், விதி என்ன சொல்கிறது, கோப்பில் என்ன குறைகிறது, என்ன ஆணை வேண்டும். 'மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று நீட்டுவதைவிட, 'வரி ரசீது நகல் இணைக்கப்படவில்லை. கேட்டுப் பெறலாம்' என்பது கண்காணிப்பாளருக்கும் உதவும், மனுதாரருக்கும் உதவும். தமிழுக்கு 150 மதிப்பெண் வைத்திருப்பதன் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

நாள் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். பிறப்பு, இறப்பு பதிய 21 நாள். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 30 நாளில் பதில். வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவிட வேண்டும், திருப்பிக் கொடுக்கக் கூடாது. சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்த இரண்டு மாதக் கடைசியில் லீவு போட நினைக்காதீர்கள்.

பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வுகள் இருக்கின்றன. அலுவலக நடைமுறைத் தேர்வையும் கணக்குத் தேர்வையும் சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் எழுதி முடியுங்கள். குடும்பப் பொறுப்பு கூடியபின் அந்தப் புத்தகங்களைத் தொடுவது கடினம்.

நாளை ஒரு அம்மா குழந்தையோடு உங்கள் மேசைக்கு வருவார். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, பள்ளியில் கேட்கிறார்கள் என்பார். முதலில் 'உட்காருங்கம்மா' என்று சொல்லுங்கள். மனுவை அவர் முன்னாலேயே படியுங்கள். பெயரின் எழுத்தையும் முதலெழுத்தையும் அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டில் எண், தேதி, அடுத்து எப்போது வரவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தன்பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.