படக்கதை படிப்பது எப்படி?



காமிக்ஸை எங்க வீட்டில் பொம்மைப் புத்தகம் என்பார்கள். பொம்மை பார்த்தே பழகினால் எழுத்து படிக்க வராது என்பது எங்க பாட்டியின் கட்சி. நான் எதிர்க்கட்சி. ஏன் என்றால் படக்கதையில் பாதிக் கதைதான் அச்சில் இருக்கும். மீதியை நாமதான் சொல்லிக்கணும்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1962-இல் ஆங்கிலத்தில் ஆரம்பித்த தொடர் அது. நம்ம பக்கத்து சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே இதுதான். மாயாவிக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைஞ்சிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். (கதைதான், யாரும் கம்பியைத் தொட்டுப் பார்க்காதீங்க!) ஒரு கட்டத்தில் ஆள் கரண்டைத் தொடுகிறார். அடுத்த கட்டத்தில் வெறும் கை அந்தரத்தில் நிற்கிறது. நடுவில் இருப்பது விரல் அகலம்கூட இல்லாத வெள்ளை இடம். அங்கே ஆளை மறைய வைத்தது யார்? படிக்கிற நாமதான்.

எங்க சித்தி பையன் நான்காம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மற்ற பிள்ளைகள் சிரிப்பதால் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த லக்கி லூக் ஒன்று கிடைத்தது. தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற குதிரைக்காரன். 1946-இல் பெல்ஜியம் நாட்டில் மோரிஸ் என்பவர் உருவாக்கியது, மூலம் பிரெஞ்சு மொழி. முதலில் தம்பி படத்தை மட்டும் பார்த்துக் கதை சொன்னான். திருடன் ஏன் சிரிக்கிறான் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டான். அதைத் தெரிந்துகொள்ள எழுத்தைத்தான் படித்தாகணும். மூன்று நாளில் முழுப் புத்தகத்தையும் எனக்கு வாய்விட்டுப் படித்தான். திருடனுக்குத் தனிக் குரல் வேறு!

படிக்கத் தெரிய வேண்டிய அடையாளங்கள் சில. உருண்டைக் கூடு என்றால் பேச்சு. மேகம் மாதிரி இருந்து கீழே சின்னக் குமிழ்கள் வந்தால் மனதுக்குள் நினைப்பது. முள் முள்ளாக இருந்தால் கத்துகிறார். அப்புறம் சத்தங்கள். இலக்கண வகுப்பில் சலசல, மடமட என்று இரட்டைக்கிளவி படித்தோமே, படக்கதையில் அதெல்லாம் படமாகவே வரும். ஜப்பான்காரர்கள் ஒருபடி மேலே. சத்தமே இல்லாத அமைதிக்கும் 'ஷீ...ன்' என்று எழுதுவார்கள். அவங்க படக்கதைக்குப் பெயர் மங்கா (மாங்காய் இல்லை). வலமிருந்து இடமாகப் படிக்கணும். நம்ம புத்தகம் முடிகிற பக்கத்தில் அவங்க புத்தகம் ஆரம்பிக்கும்.

படக்கதை என்றால் சிரிப்பும் சண்டையும் மட்டும் இல்லை. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவா என்ற ஆறு வயதுச் சிறுவன் பள்ளிக்கூட வாசலில் நின்றான். பள்ளிச் சுவர் மறைத்ததால் பிழைத்தான். அப்பா, அக்கா, தம்பி மூவரும் இறந்துவிட்டார்கள். அவர் பெரியவரானதும் 1973 முதல் அதையே படக்கதையாக வரைந்தார். 'ஹடாஷி நோ கென்' என்று பெயர், வெறுங்கால் கென் என்று அர்த்தம். எங்க டீச்சர் அதில் சில பக்கங்களை செல்லில் காட்டினாங்க. வீடு இடிந்து உள்ளே மாட்டிய தம்பி கூப்பிடுகிற பக்கத்தில் வசனம் கொஞ்சம்தான். அடுத்த கட்டத்துக்குப் போகவே எனக்கு மனசு வரவில்லை. வரலாற்றுப் பாடத்தில் அந்தத் தேதியை மனப்பாடம் செய்தபோது இப்படி இருந்ததில்லை.

ஆகவே தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். நம் நூலக அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை எட்டுகிற உயரம். அதில் படக்கதைகள் வைக்க அனுமதி வேண்டும். முதல் புத்தகமாக லக்கி லூக்கைத் தர தம்பி சம்மதித்துவிட்டான். புது அட்டை நான் ஒட்டித் தருகிறேன். வாங்குகிறவர்கள் பக்கத்தின் மூலையை மட்டும் மடக்காதீங்க.