பூட்டும் நீர்க்குறியும்

இணையவழி வரும் திரைப்படம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டே பயணிக்கிறது. இடைமறிப்பவருக்கு அது பொருளற்ற எண்குவியல். ஆயினும், கட்டணம் செலுத்தியவர் படத்தைக் காண, திறவுகோலும் அவரது கருவிக்கு வந்தாக வேண்டும். வலுக்குறைவு அங்கேதான். 1999இல் டிவிடி வட்டுகளின் 40 பிட் பூட்டு உடைந்ததும், ஓர் இயக்கு மென்பொருளிலிருந்து திறவுகோல் வெளிப்பட்டதால்தான்.

பூட்டு எத்துணை வலிதாயினும், ஓடும் திரையைக் கைப்பேசியில் படம்பிடிப்பதை அது தடுக்காது. அதற்கெனவே கண்ணுக்குப் புலனாகாத நீர்க்குறி உருவானது. காணொலியின் ஒவ்வொரு சிறு துண்டும் நுட்பமாக வேறுபட்ட இரு வடிவங்களில் ஆயத்தம் செய்யப்படும். எத்துண்டு எவ்வடிவில் ஒருவருக்குச் சென்றது என்னும் வரிசையே அவரது அடையாளம். இருபதே துண்டுகளில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வரிசைகள் அமையும்! கைப்பேசிப் பதிவிலும் அவ்வரிசை எஞ்சுமாறு அமைப்பதால், படம் எந்தக் கணக்கிலிருந்து கசிந்தது என அறியலாம். ஆனால், அறிவதற்குள் திருட்டுப் படி ஊரெங்கும் பரவியிருக்கும்.