பன்னிரண்டு இலக்கத்தோடு பழகு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோவில்பட்டியிலிருந்து நீ அனுப்பிய தாள் கிடைத்தது. 293318625600 என்ற எண்ணைப் பற்றி செல்போன் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாய். இலக்கங்களைக் கூட்டினால் 45 என்பது மாதிரியான தகவல்கள், நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருகிறவை. எட்டெட்டாக எண்ணினால் கூட்டுத்தொகை மாறிவிடும். காரணிகள் மாறாது. அவற்றைப் பிடித்துக்கொள்.

உங்கள் ஊரில் லாரி ஏறும் தீப்பெட்டி பண்டலில் 600 பெட்டி இருக்கும். 600 = 2³ × 3 × 5². அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கு: 4 × 2 × 3 = 24 காரணிகள். ஆனால் அதைவிடச் சிறிய 360-க்கே 24 காரணிகள் உண்டு. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சுவதுதான் உயர் பகு எண். 360 அப்படிப்பட்டது, 600 அல்ல.

ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 6746328388800 வரை அட்டவணையும் போட்டார். கணிப்பொறி இல்லாத காலம். அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போனது. நீ அனுப்பியிருப்பது அதைத்தான்!

அதை உடைத்துப் பார்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 5040. இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600, அதற்கு 4800. அடுத்தது 321253732800, அதற்கு 5376. அந்த இரண்டிலும் 7 ஒரே முறைதான் வரும், 23-ம் உண்டு. நடுவில் இருப்பது மட்டும் 19-லேயே நின்றுகொண்டு 7-ஐ இரண்டு முறை எடுத்துக்கொள்கிறது. இந்த அழகைச் செல்போன் உனக்குச் சொல்லாது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நீயே எழுதினால்தான் தெரியும். எழுதும்போது இன்னொன்றும் கண்ணில் படும்: பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு கூடுவதே இல்லை. ஏன்? இரண்டு அடுக்குகளை இடம் மாற்றிப் பார், ஒரு மணி நேரத்தில் நிரூபணம் உன் கைக்கு வந்துவிடும்.

“இந்தக் கரிசக்காட்டில் இதெல்லாம் எதுக்கு” என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதனால் வேலை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை, சிதம்பரத்தில் வேலை பார்த்துக்கொண்டே உலகம் திரும்பிப் பார்க்கும் எண் கணிதம் செய்தார். அடுத்தடுத்த 16 எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எதனோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அதில் இருந்தே தீரும் என்று 1940-ல் காட்டினார். 17 எண்களாகிவிட்டால் அந்த உறுதி போய்விடும். 2184 முதல் 2200 வரை எழுதிப் பார். 2189-ஐ உடைத்தால் 11 வரும். அந்த 11 வேறு எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடு. பிறகு 2191, 2197. பதினேழையும் முடித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்